திகதி போடாத கடிதம்

நிலாணி அனுப்பிய குறிப்பில் பத்தொன்பது வரிகள் இருந்தன. பிறந்தது, படித்தது, கொழும்பில் வேலை செய்தது, கனடா வந்தது, கலியாணம் கட்டியது, ஒஷாவாவில் வீடு வாங்கியது என்று தன் அப்பா பத்மநாதனின் வாழ்க்கை முழுவதையும் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் பத்தொன்பது வரிக்குள் அடக்கியிருந்தாள். பதினான்காவது வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "2003இல் பழைய மாணவர் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து தானாக விலகிக்கொண்டார்."

அந்த வரியில் போய் நான் நின்றுவிட்டேன். மூன்று நாளாக அங்கேயே நின்றேன்.

பத்மநாதன் பங்குனி மாதக் கடைசியில் இறந்தான். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும், அதில் வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டும் என்று நிலாணி தொலைபேசியில் கேட்டாள்.

"அங்கிள், நீங்கள்தான் எழுதோணும். அப்பான்ர ஓல்ட் போட்டோஸ் எல்லாத்திலையும் பக்கத்தில நிக்கிறது நீங்கள்தான். நீங்கள் ரெண்டு பேரும் பெஸ்ட் பிரெண்ட்ஸ்தானே?"

"ஓம் பிள்ளை" என்றேன். எழுபது வயதில் பொய் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட நேரம் எடுக்கவில்லை.

என் பெயர் அமிர்தநாதர். ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் மனைவி றோசலினோடு இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று சுவாமியாருக்குச் சில்லறைப் பாவங்களையெல்லாம் ஒப்பிப்பேன். ஒரு பாவத்தை மட்டும் இருபத்தொரு வருடமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பாவந்தான் பதினான்காவது வரி.

"என்னப்பா, ஒரு பக்கம் எழுத மூண்டு நாளோ? சாகித்திய மண்டலப் பரிசோ கேக்கிறியள்?" என்று றோசலின் பகிடி விட்டாள். அவளுக்கும் தெரியாது.

பத்மநாதனும் நானும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் சைவம், நான் வேதக்காரன். கொழும்பில் வேலைக்குப் போனபோது வெள்ளவத்தையில் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். நான் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அவன் அரசாங்கத்தில் ஆங்கிலத் தட்டெழுத்தாளன்.

அவனுக்கு அந்த வேலை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1978இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா நாட்டின் முதலாவது நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆனார். 1980 ஆடியில் அரசாங்க ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றைச் செய்தார்கள். வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே பதவியை விட்டுப் போனதாக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். அப்படிக் காலியான கதிரைகளில் ஒன்றில்தான் பத்மநாதன் போய் உட்கார்ந்தான். மேசை லாச்சிக்குள் முன்னே இருந்தவரின் தேத்தண்ணிக் கோப்பை கிடந்ததாம். அதை எறியவும் மனமில்லை, அதில் குடிக்கவும் மனமில்லை என்று சொன்னான். அந்த வேலையை விடும்வரை அந்தக் கோப்பை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

எனக்கு அப்போது ஜே. ஆரைப் பிடிக்கும். இதை ரொறன்ரோவில் சத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் உண்மை அதுதான். கடைகளில் அதுவரை காணாத சாமான்களெல்லாம் வந்து இறங்கின. ஒரு மனிசன் மேலே இருந்து நினைத்தால் கீழே நடக்கிறது என்பது எனக்கு ஒரு மயக்கத்தைத் தந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்த பிறகு அந்த ஆளை வெறுத்தேன். ஆனால் அந்த மயக்கம் மட்டும் எனக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

1982 ஐப்பசியில் ஜனாதிபதித் தேர்தல் நடந்து அவரே திரும்பவும் வென்றார். அடுத்தது பாராளுமன்றத் தேர்தல் வைத்திருக்க வேண்டும். அதை வைக்காமல், இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டலாமா என்று சனத்திடம் சர்வசன வாக்கெடுப்பில் கேட்டார்கள். ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். மார்கழியில் விளக்கு வென்றது. அதற்கு முன்னரே தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத பதவிவிலகல் கடிதங்களை ஜனாதிபதி வாங்கி வைத்துக்கொண்டார். இது ஊரறிந்த விசயம், பேப்பரிலும் புத்தகங்களிலும் வந்தது.

பத்மநாதன் போய் உட்கார்ந்த கதிரை ஆளும் கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் இருந்தது. எந்த எம்.பி. என்று கடைசிவரை அவன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அறைக்கு வந்தவன் சப்பாத்தையும் கழற்றாமல் கட்டிலில் இருந்தான்.

"அமிர்தம், இண்டைக்கு ஒரு கடிதம் அடிச்சனான். பேர் இருக்கு, பதவி இருக்கு, கையெழுத்தும் வைச்சாச்சு. திகதி மட்டும் இல்லை."

"அதில என்ன? பிறகு போடுறதுதானே."

"ஆர் போடுறது? எப்ப போடுறது? அதுதானே விசயம். அந்த ஆள் இனி வாய் திறக்கேலாது. திறந்தா, அண்டைக்கே திகதி விழும். தேத்தண்ணி குடிச்சுக் கொண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கையெழுத்து வைச்சார். அவற்ர வாயை நான்தான் தைச்சுக் குடுத்தனான்."

"நீ அடிக்காட்டி வேற ஆரும் அடிச்சிருப்பாங்கள்."

"ஓம். முன்னம் அந்தக் கதிரையில இருந்த மனிசன் அடிச்சிருப்பாரோ எண்டுதான் யோசிக்கிறன்."

அவன் எனக்குச் செய்தது பாவசங்கீர்த்தனம். நான் அதைச் சமையல் குறிப்பாகக் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், 1983இல், ஆடிக் கலவரம் வந்தது, கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இரண்டு பேரும் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் கிடந்துவிட்டு, கப்பலேறி வடக்கே காங்கேசன்துறைக்குப் போனோம். கப்பல் தட்டில் சனம் நெருங்கியடித்துக்கொண்டு இருந்தது. பத்மநாதன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவ்வளவு எம்.பி.மார் இருந்தவை. ஒராளாவது எழும்பி நிண்டு இது பிழை எண்டு சொல்லியிருக்கலாம். எப்பிடிச் சொல்லுறது? கடிதம் அங்கை கிடக்குது." தான் தட்டிய ஒரு கடிதத்தால்தான் கலவரம் வந்தது என்று அவன் நினைக்கவில்லை, அவன் அவ்வளவு மோடன் இல்லை. ஆனால் நாட்டில் நடந்த அநியாயத்துக்குள் தன் பத்து விரலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நம்பினான். அதற்குப் பிறகு திகதி போடாமல் ஒரு துண்டுக் கடதாசியைக்கூட அவன் யாருக்கும் கொடுத்ததில்லை.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1987இல் கனடா வந்த பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அகதி விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தான். எங்கள் ஊர்ச் சனத்தில் பாதிப் பேரின் கதை அவன் விரல் வழியாகத்தான் குடிவரவு விசாரணைக்குப் போனது. ஒரு திகதி பிழைத்தால் ஒரு மனிசனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஆட்களை விடமாட்டான். "ஆமி வந்தது திருவிழாவுக்கு முன்னமோ பின்னமோ? அண்டைக்கு மழையோ? பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டு, திகதியைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவான். வீட்டில் கறி வைத்து உறைபெட்டிக்குள் வைக்கிற டப்பாவிலும் திகதி. நிலாணி மூன்று வயதில் கிறுக்கிய படத்தின் மூலையிலும் திகதி. எல்லாரும் அவனைத் "திகதி" என்றுதான் பகிடியாகக் கூப்பிடுவார்கள். அவனும் சிரிப்பான்.

2002 ஐப்பசியில் நான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரானேன். பத்மநாதன் செயலாளர். நிர்வாகசபையில் மொத்தம் ஒன்பது பேர். ரொறன்ரோவில் ஊர்ச் சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், பதவிக்கு வர நிற்கிறவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், விலகச் சொன்னால் விலகவும் மாட்டார்கள். எனக்கு விசர் பிடித்தது. அப்போதுதான் வெள்ளவத்தை அறையில் கேட்ட குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் இப்பவே ஒரு விலகல் கடிதம் எழுதித் தந்திட வேண்டியதுதான்" என்றேன். "திகதி போடாமல். வராதவையின்ர கடிதத்தில நான் திகதியைப் போட்டிட்டு வேற ஆளை எடுப்பன்."

பத்மநாதன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு விசரே? உது ஆற்ற வேலை எண்டு தெரியாதோ உனக்கு?"

"அது நாடு, இது பிக்னிக் நடத்துற சங்கம். நீ ரெண்டையும் போட்டுக் குழப்பாதை."

"நான் அடிக்கமாட்டன்."

"நீ என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது. ஒரே அறையில் படுத்து, ஒரே கப்பலில் வந்தவனிடம் அதைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? போதாக்குறைக்கு, "நானும் ஒரு கடிதத்தில கையெழுத்து வைச்சு உன்னட்டைத் தாறன், சரிதானே" என்றும் சொன்னேன். அவன் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தான். ஒன்பது கடிதம் அடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. கை தன்பாட்டில் மேலே திகதியை அடித்துவிடும், அழிப்பான், திரும்பவும் அடித்துவிடும். நான் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

எட்டுக் கடிதங்கள் என் கோப்புக்குள் போயின. என்னுடையதை அவனிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அடுத்த ஐப்பசியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது, புது நிர்வாகத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஆனால் 2004 மாசியில் பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழாவை இங்கே வைப்பதாக இருந்தோம். சமாதான காலம் அது, பாதைகள் திறந்திருந்தன, ஊரிலிருந்து அதிபரே வருவதாக இருந்தார். மேடையில் தலைவராக இருந்து அவருக்குப் பொன்னாடை போர்க்க வேண்டும், அவர் எனக்குப் போர்க்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஒரு சரிகைத் துண்டுக்காகவா என்று. ஓம், அதற்காகத்தான். தேர்தல் வைக்காமல், இருக்கிற நிர்வாகத்தையே இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டலாமா என்று கை உயர்த்தச் சொல்லிக் கேட்கத் தீர்மானித்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னர் பத்மநாதன் போன் எடுத்தான்.

"தேர்தலை வை, அமிர்தம். நீதானே வெல்லப்போறாய். வெல்லுறவன் ஏன் பயப்பிடுறாய்?"

"நான் பயப்பிடேல்லை. விழாவுக்கு நாலு மாசம்தான் கிடக்கு."

"அப்ப என்ன, விளக்கோ குடமோ எண்டு கேக்கப்போறியோ?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இல்லையடா, நான் கூட்டத்தில எழும்பிச் சொல்லுவன். ஒருக்கா வாயை மூடிக்கொண்டு அடிச்சுக் குடுத்தனான். அது காணும், இனி ஏலாது" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்தேன். அவன் நீலப் பேனையால் கையெழுத்து வைத்திருந்தான். வீட்டில் இருந்ததெல்லாம் கறுப்புப் பேனைகள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்துபோய் நீலப் பேனை ஒன்று வாங்கி வந்தேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அவசரத்தில், கோபத்தில், யோசியாமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது. யோசிக்க எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது. வந்து இருந்து, ஒரு கிழமைக்கு முந்திய திகதியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர் அளவில் வந்திருந்தார்கள். பத்மநாதன் முன்மேசையில் என் பக்கத்தில் இருந்தான். கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியில் அன்றைய திகதியை எழுதியும்விட்டான். நான் எழும்பி, "செயலாளர் திரு. பத்மநாதன் கடந்த கிழமை தந்த பதவிவிலகல் கடிதத்தை மிகுந்த மனவருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறோம்" என்று கடிதத்தை வாசித்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. பேனையை மூடினான். அறிக்கைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான். தன் கடதாசிக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதிரையில் கிடந்த குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றைக்கு நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. நான் இன்னும் மூன்று வருடத்துக்குத் தலைவர்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது தவமணி அக்கா கிட்ட வந்தா. ஊர்ப் புதினமும் வம்பும் முழுக்க அவவிடம் போய்த்தான் மற்ற ஆட்களிடம் போகும். "என்ன அமிர்தம், பத்மநாதன் திடீரெண்டு விட்டிட்டார்? ஏதும் பிழை கிழை விட்டவரோ?" என்று மெல்லமாகக் கேட்டா.

"அதை விடுங்கோ அக்கா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அதை விடுங்கோ என்றுதான் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் அவன் என்னென்னவோ செய்தவன் ஆகிவிட்டான். ஏதோ இருக்கும், இல்லாட்டி ஏன் விலகுவான் என்று சனம் கதைத்தது. ஒருவரும் ஒன்றையும் நேரே சொல்லவில்லை, ஆனால் அவன் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை.

சங்கம் ஆறு கிழமையில் இரண்டாக உடைந்தது. ஒரே பள்ளிக்கூடத்துக்கு ரொறன்ரோவில் இரண்டு பழைய மாணவர் சங்கம். ஒரே பூங்காவில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு பிக்னிக். அண்ணன் தம்பி இரண்டு மேசையில் இருந்து முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். உடைந்து போனவர்கள் பத்மநாதனிடம் போய், உன்னை எப்படி விலத்தினவர்கள் என்று சொல், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்று கேட்டார்களாம். "கையெழுத்து என்ரைதான்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டானாம். மாசியில் விழா நடந்தது, பொன்னாடையும் போர்த்தார்கள். அதிபர் போர்க்கும்போது என் காதுக்குள் கேட்டார், "பத்மநாதன் எங்கை, காணேல்லை?"

அடுத்த வருடம் அவன் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு அஜக்ஸுக்குப் போனான். பிறகு ஒஷாவாவுக்கு. அங்கே வீடு மலிவு என்று சனம் சொன்னது. எனக்கென்றால் அவன் ஒவ்வொரு முறையும் என்னிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவதாகப் பட்டது. செத்தவீடுகளில் காண்போம். "சுகமோ" என்பேன், "ஓம், இருக்கிறன்" என்பான். 2009இல் ஊரில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது ரொறன்ரோ நடுவில் நாங்கள் எல்லாரும் கைகோத்து வீதி ஓரம் நின்றோம். அவன் எனக்கு நாலு பேர் தள்ளி நின்றான். அவ்வளவு பெரிய சாவு நடந்த நேரத்திலும் என்னால் அந்த நாலு பேரைக் கடந்து போக முடியவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் மூன்று நாள் எழுதினேன். கடைசியில் இரண்டு குறிப்புகள் எழுதினேன். ஒன்றில் "தானாக விலகிக்கொண்டார்" என்று இருந்தது. மற்றதில் நடந்தது இருந்தது. முதலாவதைக் குளிர்ச்சட்டையின் வலப் பைக்குள்ளும் இரண்டாவதை இடப் பைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஒஷாவா போகிற கோ ரெயினில் ஏறினேன். ஈமெயிலில் அனுப்பச் சொன்ன நிலாணியிடம், கையில் தருவதுதான் மரியாதை என்று சொல்லியிருந்தேன். வழி நெடுக, எந்தப் பைக்குள் கை போகும் என்று எனக்கே தெரியவில்லை.

ஒஷாவா ஸ்ரேசனுக்கு நிலாணி காரில் வந்து கூட்டிக்கொண்டு போனாள். முப்பத்திரண்டு வயது, அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது. பத்மநாதனின் மனைவி குணவதி குசினி மேசையடியில் இருந்தா. அவவுக்கும் என்னோடு இருபத்தொரு வருடமாகக் கதை இல்லை.

"வாங்கோ அமிர்தண்ணை. இருங்கோ" என்றா. அவ்வளவுதான்.

பிரிட்ஜின் கதவில் ஒரு காந்தக் கிளிப்பில் சிவப்பு மார்க்கர் ஒன்று நூலில் தொங்கியது. டப்பாவில் திகதி எழுத அவன் வைத்திருந்தது. நிலாணி பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது மேல் தட்டில் ஒரு டப்பாவில் அவனுடைய எழுத்தில் மாசி மாதத் திகதி ஒன்று தெரிந்தது. கெட்டுப் போயிருக்கும், ஆனால் ஒருவரும் எறியவில்லை.

என் கை வலப் பைக்குள் போனது. எவ்வளவு யோசித்தும் அங்கேதான் போனது.

நிலாணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளுக்காகச் சத்தமாக வாசித்தா. பள்ளிக்கூடம் வந்தது, கொழும்பு வந்தது, கப்பல் வந்தது, அகதி விண்ணப்பங்கள் வந்தன. திருவிழாவுக்கு முன்னமோ பின்னமோ என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு, "2003ஆம் ஆண்டு தனது பதவியிலிருந்து தானாக விலகிக்கொண்டார்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினா.

"இது நீங்கள் எழுதினதோ?"

"பிள்ளை தந்த குறிப்பில இருந்தது" என்றேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஓம் அம்மா, அப்பாதான் சொன்னவர்" என்றாள் நிலாணி. "எனக்கு அப்ப ட்வெல்வ். ஏன் நாங்கள் பிக்னிக்குப் போறேல்லை எண்டு கேட்டன். நான் விட்டிட்டன் பிள்ளை எண்டு சொன்னவர். எனக்குச் சரியான கோவம். என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் அங்கைதானே. அப்பாவோட டூ வீக்ஸ் கதைக்கேல்லை."

குணவதி எழும்பி அறைக்குள் போனா. திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய நீள உறை இருந்தது. அதை எனக்கு முன்னால் வைத்தா.

"ஆஸ்பத்திரியில இருக்கேக்கை சொன்னவர், லாச்சிக்குள்ள இருக்கு, அமிர்தத்திட்டைத் திருப்பிக் குடு எண்டு. வேற ஒண்டும் சொல்லேல்லை."

உறையின்மேல் அவனுடைய எழுத்து: "அமிர்தம் தந்தது. 2002 டிசம்பர் 8." உள்ளே ஒரு தாள் இருந்தது. "தலைவர் பதவியிலிருந்து எனது சொந்த விருப்பத்தின் பேரில் இத்தால் விலகிக்கொள்கிறேன்." கீழே என் கையெழுத்து. திகதி என்று போட்டு, பக்கத்தில் வெறும் இடம்.

இந்தக் கடிதத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஏன் மறந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் இதில் ஒருநாளும் திகதி போடமாட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரியும், அதனால் மறந்தேன். அன்றைக்கு மண்டபத்தில் அவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன கோப்புக்குள் இது இருந்திருக்கிறது. நான் நின்று அவனுடைய கடிதத்தை வாசித்தபோது, என்னுடையது அவன் கைக்கு அருகில் கிடந்தது. பேனையும் திறந்துதான் இருந்தது. அவன் பேனையை மூடினான். நான் என்னடா என்றால் கடைக்குப் போய்ப் பேனை வாங்கினேன்.

"வட் இஸ் இட், அம்மா?" என்று நிலாணி கேட்டாள்.

"அங்கிளிட்டைக் கேள்."

இடப் பைக்குள்ளிருந்து மற்றத் தாளை எடுத்துக் குணவதியிடம் நீட்டினேன். அவ வாங்கவில்லை.

"நீங்களே வாசியுங்கோ. பிள்ளை கேக்கட்டும்."

வாசித்தேன். "செயலாளர் பதவியிலிருந்து பத்மநாதன் விலகவில்லை. என்னை நம்பி அவன் கையெழுத்திட்டுத் தந்த திகதியில்லாத கடிதத்தில், அப்போது தலைவராக இருந்த நானே திகதியைப் போட்டு அவனை விலக்கினேன். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்தான் என்று ஊர் கதைத்தபோது உண்மை தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்." வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன்.

நிலாணி என் பக்கம் திரும்பினாள். "ஸோ, அப்பா விடேல்லை?"

"இல்லைப் பிள்ளை. அப்பா விடேல்லை."

"நான் அவரோட டூ வீக்ஸ் கதைக்கேல்லை, அங்கிள்" என்றாள். எழும்பிப் போய் யன்னலடியில் நின்று அழுதாள். எனக்குத் தகுந்த ஏச்சு ஒன்று இருந்திருந்தால் அதை ஏசியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

குணவதி அந்தத் தாளை எடுத்துத் தானே ஒருமுறை மனதுக்குள் வாசித்தா. "இதைப் போட்டா முப்பத்தொண்டுக்கு வாற சனம் முழுக்க வாசிக்கும். தவமணி அக்காவும் வருவா. நீங்களும் வரோணும். வந்து முன்னுக்கு இருக்கோணும்."

"வாறன். அதையே போடுங்கோ."

"அவர் உங்களை மன்னிச்சாரோ எண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ. எனக்குத் தெரியாது. எனக்கு உங்களில இன்னும் கோவம்தான்."

"ஓம்" என்றேன்.

"கீழ உங்கட பேரை எழுதுங்கோ. திகதியும் போடுங்கோ. இந்த வீட்டில திகதி இல்லாமல் ஒண்டும் வாங்கிறேல்லை" என்று சொல்லி, பிரிட்ஜிலிருந்து அந்தச் சிவப்பு மார்க்கரை நூலோடு கழற்றித் தந்தா.

குறிப்பின் கீழே பெயரை எழுதித் திகதி போட்டேன். பிறகு உறைக்குள்ளிருந்த கடிதத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அந்தச் சங்கத்துக்கு இப்போது நான் வெறும் காப்பாளர், தலைவர் பதவியும் இல்லை, விலக ஒன்றும் இல்லை. என்றாலும் அவன் இருபத்தொரு வருடம் கைபடாமல் வைத்திருந்த அந்த வெறும் இடத்தில் அன்றைய திகதியை எழுதினேன்.

குணவதி கடிதத்தை வாங்கி, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தா.

"இப்ப சரி" என்றா. "இனி இது செல்லும்."